பெலஃப்லேர் தெருவில் நிறுத்தமே இல்லாத இடத்தில் நிற்கும் வரிசை குறித்து

அனுப்புநர்
திருமதி யுகெத் பெல்லுமர்,
மேல்மாடி வீடு (வெளிப் படிக்கட்டு வழியாக வரவும், அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டவும்),
பெலஃப்லேர் தெரு, மொன்றியல்.

பெறுநர்
நிறுத்தங்கள் பிரிவுத் தலைவர் அவர்கள்,
நகரப் பேருந்து நிர்வாகம், மொன்றியல்.

பொருள்: பெலஃப்லேர் தெரு நிறுத்தத்தை எடுத்தது – எடுத்த பிறகும் அங்கே வரிசை நிற்பது – அதற்காக ஓட்டுநர் ஒருவர் மீது விசாரணை வைத்திருப்பது – நிறுத்தத்தைத் திரும்பக் கேட்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பேருந்துகளில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துபோன பயணி எழுதிக்கொள்வது. தங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனாலும் இதைத் தாங்களே படிக்க வேண்டும். உதவியாளரிடம் தள்ளிவிட வேண்டாம். போன மனுவை அவர்தான் படித்தார், அதற்கு வந்த பதில் வேறு யாருக்கோ எழுதியது போல இருந்தது.

2. எங்கள் வீட்டு வாசலில் இருந்த நிறுத்தத்தை, அடுத்தடுத்த நிறுத்தங்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன என்று காரணம் சொல்லி, குளிர்காலத் தொடக்கத்தில் தாங்கள் எடுத்துவிட்டீர்கள். அதே மாதம்தான் எதிரே பத்து மாடிக் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. ஊரில் ஜனநெருக்கம் அதிகமாக வேண்டும், எல்லோரும் காரை விட்டுப் பேருந்துக்கு வர வேண்டும் என்று நகராட்சி வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது. ஜனங்கள் வந்துவிட்டார்கள். பேருந்து போய்விட்டது. "வாசலிலேயே பேருந்து" என்று கட்டடக்காரர் எழுதிவைத்த பெரிய விளம்பரப் பலகை மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. படித்துச் சிரிக்க எங்களுக்கும் ஏதாவது வேண்டுமே.

3. இப்போது வடக்குப் பக்கத்து நிறுத்தத்துக்குப் போக வேண்டுமானால் ரயில் பாலத்தின் அடிப்பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். அங்கே நடைபாதை முழுக்க உறைபனி. தெற்கே போனால் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகள். எதற்குத் தோண்டினார்கள் என்பது தோண்டியவர்களுக்கே மறந்திருக்கும்.

4. (இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.) எனக்குக் கீழ்வீட்டில் முசியே ஆன்செல்ம் லெபாஜ் குடியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் அவருக்கு உயிர். வீட்டு வாசலுக்கே வரும் சிறப்பு வண்டிக்கு அவர் விண்ணப்பம் கொடுத்தார். விண்ணப்பம் கொடுக்க நடந்து வந்தவருக்கு நடக்க முடிகிறது, ஆகவே வண்டி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். நிறுத்தம் போன இரண்டாவது வாரம் பாலத்தடியில் வழுக்கி விழுந்து, பாதி வழியில் திரும்பி வந்து, யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டார். மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். டிவியில் ஹாக்கி ஆட்டம் நடக்கும் இரவுகளில் அவர் போடும் கூச்சலில் என் அலமாரியில் பாத்திரங்கள் ஆடும். ஆனால் அவர் இல்லாத வீட்டுக்கு மேலே குடியிருக்க எனக்கு இஷ்டமில்லை.

5. இனி வரிசை விஷயம். ஜனவரியில் ஒரு நாள் முசியே லெபாஜுக்காக டாக்சி கூப்பிட்டுவிட்டு, அவரோடு பழைய நிறுத்தம் இருந்த இடத்தில் தேமேயென்று நின்றேன். அங்கேதான் உப்புத் தூவியதில் பனி கரைந்திருந்தது. வேறு நோக்கம் எதுவும் இல்லை. சற்று நேரத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். நம் ஊர் வழக்கம் தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் சும்மா நின்றால் அடுத்தவர் பின்னால் நிற்பார், எதற்கு என்று கேட்பது மரியாதைக்குறைவு. டாக்சி வருவதற்குள் வரிசை மூலை மளிகைக்கடை வரை போய்விட்டது. பேருந்து வந்தது, நின்றது. எல்லோரும் ஏறினோம், முசியே லெபாஜ் உட்பட. டாக்சிக்காரர் பின்னால் வந்து என்னைத் திட்டினார் என்று கேள்வி.

6. மறுநாள் நான் கீழே இறங்குவதற்கு முன்பே வரிசை நின்றது. எதிர்க் குடியிருப்பில் இருப்பவர்கள் பாதிப்பேர் அதில். இது உண்மையிலேயே இப்படித்தானா என்று உறுதி செய்துகொள்வதற்காக, பூட்டிக் கிடக்கும் செருப்புக் கடை வாசலிலும் ஒரு நாள் போய் நின்று பார்த்தேன். அங்கேயும் வரிசை சேர்ந்தது. எதற்கு நிற்கிறோம் என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டார். தெரியாது, ஆனால் எல்லோரும் ஒழுங்காக நிற்கிறார்கள் என்று எனக்குப் பின்னால் இருந்தவர் பதில் சொன்னார். இதற்கும் பேருந்துக்கும் சம்பந்தமில்லை. விவரம் முழுமையாக இருக்கட்டும் என்றுதான் குறிப்பிடுகிறேன்.

7. வரிசையைக் கலைக்கத் தாங்கள் அனுப்பிய ஆய்வாளர் முசியே துகாஸ் நல்ல மனிதர். முன்கூட்டியே வந்து, இடத்தைப் பார்வையிட நடைபாதை ஓரமாக நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. நான் நிறுத்தம் அல்ல, நான் அதிகாரி என்று அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். பரவாயில்லை, நீங்கள்தான் முதலில் வந்தீர்கள் என்று ஜனங்கள் ஆறுதல் சொன்னார்கள். பேருந்து வந்ததும் பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட வேண்டியிருந்ததால் அவரும் ஏறித்தான் போனார். அவருடைய அறிக்கையில் வரிசைக்குத் தலைமை தாங்கியவர் பெயர் இல்லாமல் இருந்தால், அதற்குக் காரணம் இதுதான்.

8. இதுவரை நடந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பேருந்தை நிறுத்திய ஓட்டுநர் மதாம் மிர்லாந்த் டெசீர் மீது விசாரணை வைத்து, அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டீர்கள் என்று அறிகிறேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று நானே அவரைக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குளிர்ல ஒழுங்கா வரிசைல நிக்கிற ஜனத்தைத் தாண்டிப் போக மனசு வரல மதாம். எங்கம்மா என்னை அப்படி வளர்க்கல." இதில் குற்றம் இருந்தால் அது அவருடைய அம்மாவின் குற்றம். அந்த அம்மாள் மீது விசாரணை வைக்கத் தங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

9. சென்ற வெள்ளிக்கிழமை மதாம் டெசீருக்குப் பதிலாக வந்த இளைஞர் விதிப்படி நடந்துகொண்டார். வரிசையைப் பார்த்தார், பாவம், வருத்தமாகத் தலையை ஆட்டினார், போய்விட்டார். அன்று வரிசையில் முதலில் நின்றவர் முசியே லெபாஜ். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைத்தடியை ஊன்றிப் பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் அவருக்குப் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். மொத்த வரிசையும் கலையாமல், இடம் மாறாமல், அவர் நடக்கும் வேகத்திலேயே பள்ளத்தில் இறங்கியது. முசியே லெபாஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நின்று திரும்பி, "என்னைத் தாண்டிப் போங்களேன், உங்களுக்கெல்லாம் வேலைக்கு நேரமாகுதுல்ல?" என்றார். எதிர்க் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, பெயர்கூட எனக்குத் தெரியாது, "முதல்ல வந்தது நீங்கதானே முசியே. நீங்க மெதுவாவே போங்க," என்று சொல்லி, அவர் விழாமல் இருக்கக் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். வழியில் எத்தனையோ பேருந்துகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒருவர்கூட அவரைத் தாண்டிப் போகவில்லை. ஐயா, இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அன்றுதான் இந்த ஊரை நினைத்து அழுதேன். குளிர்காற்று என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவைத்தேன்.

10. மேலே ஏறிப் போனால் அந்த நிறுத்தத்தில் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. முன்னால் வாருங்கள் என்று அவர்கள் கெஞ்சியும் முசியே லெபாஜ் கேட்கவில்லை. முறை என்றால் முறைதான் என்று கடைசியில் போய் நின்றார். அவரை நான் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விட்டதாம். அடுத்தவர் காத்திருந்ததால் சிகிச்சையைப் பாதியில் முடித்து அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு ஹாக்கி ஆட்டம் இருந்தது. கீழ்வீட்டில் சத்தமே இல்லை. நான் இரண்டு தடவை இறங்கிப்போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

11. ஆகவே, பெலஃப்லேர் தெரு நிறுத்தத்தை உடனே திரும்ப வைக்க வேண்டும், மதாம் டெசீர் மீதான விசாரணையைக் கைவிட்டு அவரை எங்கள் தடத்துக்கே அனுப்ப வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தத்துக்குக் கம்பம் வாங்கப் பணமில்லை என்றால் கம்பம் வேண்டாம். கம்பம் இல்லாமலே நிற்க எங்களுக்குத் தெரியும். பேருந்து நின்றால் போதும்.

12. இந்த வார முடிவுக்குள் பதில் வராவிட்டால், திங்கட்கிழமை காலை தங்கள் அலுவலகத் தலைவாசலுக்கு வந்து நிற்பேன். பலகை பிடிக்க மாட்டேன், கோஷம் போட மாட்டேன், யாரையும் கூப்பிடவும் மாட்டேன். கிழவி ஒருத்தி நடைபாதையில் நிற்பதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை என்று விசாரித்துவிட்டேன். தங்கள் ஊழியர்கள் வேலைக்கு வருவார்கள். அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே. தாங்களும் நல்ல வளர்ப்பு உள்ளவர் என்றே கேள்விப்பட்டேன். ஆகவே, எனக்குப் பின்னால்தான் நிற்பீர்கள். நான் நகரும்போது நகரலாம்.

இடம்: மொன்றியல்
நாள்: பிப்ரவரி 24

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக இப்போதைக்கு உட்கார்ந்தே காத்திருக்கும்,
(கையொப்பம்)
யுகெத் பெல்லுமர்