உனக்குப் பின்னால் நிற்கிறவன்

எழுத்துக் கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். எனக்கு எழுத வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்பது ஒரு காரணம். மற்றது வலது தோள். நேற்றுச் சுடப் பழகும் திடலில், பயிற்சிக்காரன் பக்கத்தில் நிற்க, பெரிய துவக்கு உதைத்த உதையில் தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடக்கிறது. 'ழ' எழுதும்போது எலும்பு வரைக்கும் வலிக்கிறது. வலிக்க வலிக்கச் சிரிப்பும் வருகிறது. உனக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நீயே நம்பமாட்டாய்.

குசினி மேசையில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் துவக்குத் துடைக்கிற துணி பக்கத்தில் இருக்கிறது. நீ போன பிறகு துவக்கைச் சட்டப்படி பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. துணியை அவர்கள் கேட்கவில்லை. உன் மனைவி அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் தந்தாள். மூடியைத் திறந்தால் முதலில் எண்ணெய் மணம் வரும். அதற்கு அடியில், கழுவியும் போகாத இரத்தம். பாதி பன்றியுடையது, பாதி உன்னுடையது.

மகள் என்னைச் சிட்னிக்கு எடுப்பித்த புதிதில் கிரவீனில் இருக்கிற அவள் வீட்டுக் கதவைத் தட்டினாயே, அந்த மாலை நினைவிருக்கிறதா? எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். போர் முடிந்து முகாமில் கிடந்து வந்த நான் எலும்பாய் இருந்தேன், நீ மொட்டையாகியிருந்தாய். நீ சுகம் விசாரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"மச்சான், ஆபிரிக்காவுக்கு மாடு சுடப் போறன். வாறியோ?"

"ஏன், உங்கட செவன் ஹில்ஸில மாடு இல்லையோ?"

"இருக்கு. எல்லாம் பிளாஸ்ரிக்கில சுத்தி இருக்கு."

இந்த நாட்டில் உன் காலம் முழுவதும் இறைச்சி ஆலையில் மாடு கொன்றவன் நீ. இரும்புக் கூட்டுக்குள் தலையைப் பூட்டி, நெற்றியில் கருவியை வைத்து அமத்தினால் நான்கு காலும் ஒன்றாய் மடியும் என்றாய். நீ எத்தனை கொன்றாய் என்று உனக்கே தெரியாது. "அதுக்குப் பேர் வேட்டையோ? அது வேலையடா. அதுகள் ஒண்டும் என்னைப் பாத்து வரேல்லை" என்றாய்.

உன்னைப் பார்த்து வரவேண்டிய மாடு எது என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததை உனக்கே எழுதுகிறேன். எழுதப் பழகியவனின் கொழுப்பு என்று வைத்துக்கொள். நமக்கு மீசை அரும்பிய காலம். காட்டுக்குள் குழுமாடு ஒன்றுக்கு, கூட்டத்தை விட்டுத் தனியனாய்த் திரிந்த காட்டு மாட்டுக்கு, உன் அண்ணன் துவக்கால் வெடி வைத்தார். வெடி வயிற்றில் பட்டது. இரத்தம் கண்டவன்தான் பின்னால் போகவேண்டும், பாதியில் விடக்கூடாது என்பது எங்கள் வேட்டைக்காரர் முறை. அவர் போனார். மாடு முட்பற்றைக்குள் வளைந்து அவருக்குப் பின்னால் வந்தது. கொம்பில் ஏற்றி எறிந்தது. விழுந்தவரை விட்டுப் போகவில்லை. முன்னங்கால் மடித்து, நெற்றியால் தேங்காய் துருவுகிறதுபோல் மண்ணோடு தேய்த்தது. நீ பாலை மரத்தில் இருந்தாய். நாங்கள் ஓடி வந்தபோது உன் அண்ணனைச் சாக்கில்தான் அள்ள முடிந்தது. மாட்டின் இரத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். குளத்தங்கரையோடு இரத்தத் தடம் நின்றுவிட்டது; மாடு கிடைக்கவில்லை.

மரத்தில் ஏறும்போது உன் தோளில் தொங்கிய துவக்கு கீழே விழுந்துவிட்டது என்று நீ சொன்னாய். ஊரும் அப்படியே நம்பியது.

செவன் ஹில்ஸில், ஆபிரிக்காவுக்கு வேட்டைக்கு ஆள் அனுப்புகிற முகவரின் அறைக்கு நாம் போன முதல் நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பேன். தூண்டில் கடைக்குப் பின்புறம், சுவர் முழுக்கக் கொம்பு. அவன் ஆபிரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரன், கை ஒவ்வொன்றும் உலக்கை. அவன் ஆங்கிலத்தில் கேட்டதை நீ எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய்.

"எவ்வளவு காலமா வேட்டை எண்டு கேக்கிறான்."

"நீ என்ன சொன்னனீ?"

"அம்பது வருசமா ஒரே மாட்டைத் தேடுறன் எண்டு சொன்னன். பாவம், முழிக்கிறான்."

சிம்பாப்வேயில் எருமை. எந்த மாதம் புல் காய்ந்து மாடு தெரியும், எந்தத் துவக்குக்குக் குறைந்தால் அந்த நாட்டுச் சட்டம் விடாது, முன்னங்காலுக்கு நேரே எவ்வளவு கீழே பார்த்து அடிக்கவேண்டும் என்றெல்லாம் படம் காட்டிச் சொன்னான். மாடு விழுந்தாலும் கிட்டப் போகாதே, கடைசியாக ஒரு முறை நீளமாகக் கத்தும், அதைக் கேட்டபிறகு போ என்றான். ஒரு துளி இரத்தம் நிலத்தில் விழுந்தால் அந்த மாடு உன்னுடையதுதான், காட்டுக்குள் தொலைந்தாலும் உன் கணக்குத்தான் என்றான். "எங்கட முறைதான்" என்று நான் சொன்னேன். நீ அதை அவனுக்குச் சொன்னபோது எழுந்து எனக்குக் கை தந்தான்.

அதற்குப் பிறகுதான் பிசகு வந்தது. மாடு பாய்ந்து வந்தால் பின்னால் நிற்கும் அவர்களுடைய வேட்டைக்காரன் சுடுவான் என்றான். நீ மேசையில் அடித்தாய்.

"பின்னால நிக்கிறவன் சுடக்கூடாது எண்டு எழுதச் சொல்லு."

"அவனுக்குத் தமிழ் தெரியாதடா, நீயே சொல்லு" என்றேன்.

சொன்னாய். அவன் பேனையை மூடினான். மனிதன் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் அனுப்புவதில்லை என்றான். அதோடு, உன் கிழட்டுக் கை காலைப் பார்த்துவிட்டு, முதலில் எதிர்த்து வருகிற ஒன்றைச் சுட்டுக் காட்டு, பிறகு பெயரைப் பதிகிறேன் என்றான்.

அப்படித்தான் மலை தாண்டி, டபோ ஊருக்கும் அப்பால் காட்டுப்பன்றிக்குப் போனோம். எனக்குத் துவக்கு அனுமதி இல்லை. இடுப்பில் கத்தி மட்டும். போகிற வழியெல்லாம் நீ ஒரே பேச்சு. "கத்தி உறைக்குள்ளதான் இருக்கவேணும். என்ன நடந்தாலும்." நானும் ஓம் என்றேன். தோல் கவசம் கட்டிய நாய்களோடு வந்த பண்ணைக்காரனிடம் நாய்களைப் பிடித்து வைத்திருக்கச் சொன்னாய். நாய் கவ்விப் பிடித்த பன்றியைச் சுடுவதும் ஆலை வேலைதான் என்றாய்.

நாணலுக்குள் இருந்து தனியன் பன்றி கிளம்பியதும் ஒரு நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. பன்றி தலையை ஒருமுறைதான் தூக்கியது. கவசத்துக்குக் கீழே நாயின் வயிறு பை அவிழ்வதுபோல் திறந்தது. நாய் தன் குடலிலேயே கால் தடுக்கி விழுந்தது. நீ சுட்டாய். பன்றியின் தாடை பிய்ந்து தொங்கியது. அது திரும்பி உன்னைப் பார்த்தது. வந்தது.

நீ அடுத்த தோட்டாவை ஏற்றவில்லை. இதைத்தான் நான் பார்த்தேன். உன் கை துவக்கில் அப்படியே இருந்தது. பயந்தவன் அப்படி நிற்கமாட்டான். வாசலில் விருந்தாளியைப் பார்த்து நிற்பவன்போல் நின்றாய்.

அது உன் தொடையைக் கிழித்துக்கொண்டு போய், திரும்பி வயிற்றுக்கு வந்தது. கத்தி எப்போது வெளியே வந்தது என்று தெரியாது. பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, முன்னங்காலுக்குப் பின்னால் பிடிவரை இறக்கினேன். பன்றியின் இதயம் கத்தியைப் பிடித்து என் கையை உலுப்பியது. பிறகு உலுப்பவில்லை. சூடான இரத்தம் என் சட்டைக் கைக்குள்ளால் முழங்கை வரை ஓடியது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று பல வருடத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

துணியால் உன் தொடையை இறுக்கிக் கட்டும்போது நீ என் கன்னத்தில் அறைந்தாய்.

"ஏன்ரா எடுத்தனீ?"

"செத்திருப்பாய்."

"அது என்ர பாடு!"

தையல் போட்டு, மலை தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். பிறகு நீ என் பக்கம் வரவில்லை. எனக்கு வந்த ஒரே கூட்டாளியையும் பன்றி கொண்டுபோய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டு வந்தாய். இதே மேசை. தேநீரைத் தொடவில்லை.

"துவக்கு விழேல்லை மச்சான்" என்றாய்.

எந்தத் துவக்கு என்று நான் கேட்கவில்லை.

"மரத்தில என்ர கையிலதான் இருந்தது. மருந்து கெட்டிச்சு, சுட ஆயத்தமாத்தான் கிடந்தது. அண்ணை என்னைப் பாத்துக் கத்தினவர். விரல் வரேல்லை."

"சுட்டிருந்தா அண்ணையிலயும் பட்டிருக்கும்."

"பட்டிருந்தாலும் கெதியாய் முடிஞ்சிருக்கும்."

குசினிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நீ கண்ணைத் துடைக்காமல் சொன்னாய்: "நீ சொல்லுக் கேளாமல் கத்தியை எடுத்தாய் எல்லோ, அதைத்தான் நான் அண்டைக்குச் செய்திருக்கவேணும். வா, அந்த வெள்ளையனிட்டப் போவம். அவன் சொன்ன மாதிரியே இருக்கட்டும். பின்னால நிக்கிறவன் சுடத்தான் வேணும்."

போனோம். உன் தொடைத் தழும்பைப் பார்த்தே முகவர் பெயரைப் பதிந்தான். நீ வேட்டைக்காரன், நான் உடன் வருகிறவன். சிங்கம் தின்றாலும் வழக்குப் போடமாட்டேன் என்கிற கடதாசியில் நீ அழகாய்க் கையெழுத்து வைத்தாய். நான் பெருவிரலை நீட்டினேன். "இந்த விரலோட போனா மாடு சிரிக்குமடா. எழுதப் பழகு" என்றாய்.

பழகினேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பால்பல் விழாத பிள்ளைகளோடு குட்டிக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். இந்தியாக்கார ரீச்சர், "ஐயா, அவசரப்படாதீங்க, சுழி நல்லா வருது" என்பாள். என் பெயரை முழுதாய் எழுதிய நாளில் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். மாட்டுக்கும் பன்றிக்கும் சாகாத நீ குளியலறைக் கதவடியில் விழுந்திருந்தாய்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்ததும் உன் மனைவி டின்னோடு வந்தாள். "அண்ணை, நீங்கள் ஆபிரிக்காவுக்குப் போட்டு வாங்கோ. இல்லாட்டி அந்த மாடு எங்கட வீட்டுக்குள்ளையே நிக்கும்" என்றாள். என் மகள், "அப்பா, உங்களுக்கு விசரோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

முகவர், கூட வந்த மகளின் வாய்வழியாக, கடதாசியில் வேட்டைக்காரன் என்கிற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னான். மெதுவாக, தமிழில் எழுதினேன். உடன் வருகிற ஆள் யார் என்று கேட்டான். உன் பெயரை எழுதினேன். நான் உன் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. யாருடைய பெயர் என்று ஊகித்திருப்பான்; நீ இல்லை என்பதும் தெரியும். கடதாசியை மடித்து எடுத்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை விமானம். துவக்கு அங்கே தருவார்கள். துணியை நான் கொண்டுபோகிறேன். என் கையில் இன்னும் அந்தப் பன்றியின் இதயம் உலுப்புகிறது. உன் அறையின் சூடும் கன்னத்தில் இருக்கிறது. மாடு வந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றுவேன். நீ பயப்படாதே. நான் விழுந்தாலும் பின்னால் நிற்கிறவன் சுடுவான்.

அடுத்த கிழமை கூடாரத்தில் இருந்து உனக்கு எழுதுவேன். அதில் எழுத்து நேராக இருந்தால் மாடு வரவில்லை என்று அறிந்துகொள். இதைவிடக் கோணலாக இருந்தால், வந்தது.