சைக்கிள் கூடையில் கிடந்த ஸ்பேனர்

அன்புள்ள துரை அண்ணே,

மதினி தன் அரசு வேலைக்குக் கிடைத்த சரோஜினி நகர் வீட்டைக் காலி செய்கிறார்கள். பழைய குவார்ட்டர்ஸை இடித்து மாடி மாடியாகக் கட்டப் போகிறார்களாம். சாமான் கட்ட நேற்று நானும் போயிருந்தேன். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நம் கிழவியை நினைக்காத நாளில்லை. நாம் விமானப்படையில் சேரும் முன்பே பறக்கத் தொடங்கிய ஹெலிகாப்டர். மலை முகாம்களுக்கு மாவும் மண்ணெண்ணெயும் சுமந்தாள். வெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களை ஏற்றினாள். ஒருமுறை தரையிறங்குவதற்குள் உள்ளேயே ஒரு பிள்ளை பிறந்தது, ஞாபகமிருக்கிறதா? நீங்கள் அவளோடு பறக்கும் இன்ஜினியர், நான் தரையில் அவளைப் பழுது பார்ப்பவன்.

அவள் கடைசியாகக் கிளம்பிய காலையில் என் கருவிப்பெட்டியில் ஸ்பேனர் இருக்க வேண்டிய ஒரு குழி காலி. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவில் குழி உண்டு. ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை பறக்கக் கூடாது. தெரிந்தும், நேரமாகிறதென்று வேறொரு பெட்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மலையில் மேகத்துக்குள் போன நீங்கள் யாரும் திரும்பவில்லை. மேகம்தான் காரணம் என்றது விசாரணை. காணாமல் போன ஸ்பேனர் அவள் இயந்திரத்துக்குள் கிடந்திருக்குமோ என்று இத்தனை வருடம் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நேற்று உங்கள் மகள் செல்வியின் சின்ன வயது சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கினேன். கூடையில் அந்த ஸ்பேனர், நம் பிரிவின் எண்ணோடு.

"கெளம்புறதுக்கு முந்தின நாள் அப்பாதான் ஜல்தி ஜல்தியா சீட்டை டைட் பண்ணாங்க, அங்கிள்" என்றாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே? முதலில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே வேறொன்று உறைத்தது. குழி காலி என்று அன்றே சொல்லியிருந்தால் கிழவியை நிறுத்தி வைத்திருப்பார்கள். நீங்களும் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பீர்கள். அதற்குள் மேகம் கலைந்திருக்காதா?

மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எடுத்துட்டு வந்தவுக மறந்துட்டாக, எண்ண வேண்டிய நீங்க மறைச்சுட்டீக. நான் யாரை வைய?" என்றார்கள்.

பிறகு எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சாப்பிட முடியாமல் அழுதேன்.

திங்கட்கிழமை ஸ்பேனரை அதிகாரியின் மேஜையில் வைத்து, என் கையெழுத்து பொய் என்று எழுதிக் கொடுப்பேன். ஓய்வுபெற நான்கு மாதம்தான் இருக்கிறது, என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

லாரியில் ஏற்றச் சைக்கிளைப் பிரித்துக் கட்டினோம். சீட்டை மட்டும் கழற்றவில்லை. நீங்கள் முடுக்கிய மரை இன்னும் கெட்டியாக இருக்கிறது, அண்ணே. அதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
கருப்பையா