கடைக்குட்டிகளின் அணி

16-8-1996, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்ததும் எங்கள் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர் நசீர் வீட்டுக்கு வந்தான். துவைத்து மடித்த ஜெர்சியை மேசைமேல் வைத்தான்.

"துபாய்க்கு விசா வந்துட்டு, மாமா. எங்க காதர் காக்கா அனுப்பியிருக்காங்க."

ஏழு வருடத்துக்கு முன் கிளப் கமிட்டியில் ஒரு திட்டத்துக்காக அடம்பிடித்தவன் நான்தான். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளையாகப் பார்த்துச் சேர்ப்போம், மூத்தவர்கள் சம்பாதிக்கப் போனாலும் இவன் உம்மாவுக்குத் துணையாக ஊரோடு இருப்பான், பத்து வருடம் நமக்கு ஆடுவான் என்றேன். பெரிய மூளைக்காரன்! காதர் மாதிரி அந்த அண்ணன்மாரே விசா அனுப்புவார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. நசீரோடு ஐந்து பேர் போயாச்சு.

"இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போயேன்" என்றேன்.

"நான் போனாத்தான் காக்கா ஊருக்கு வர முடியும். ஏழு வருஷம் ஆச்சுல்லா, மாமா."

ஜெர்சியை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஏழு வருடத்துக்கு முன் முதல் நாள் தேர்வுக்கு அண்ணன் காதர், தம்பி நசீர் இருவருமே வந்திருந்தார்கள். காதர்தான் பந்தை நன்றாகப் பிடித்தான். மூத்தவன், எப்படியும் போய்விடுவான் என்று அவனைத் திருப்பி அனுப்பினேன்.

அன்று காதரிடம் பாஸ்போர்ட்கூட இல்லை.