முன்சுவருக்குப் பெயின்ட் அடித்தேன்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். போனில் இதைப் பேசப் பயம். லீவு முடிந்து நீ இருக்கும் வெளிநாட்டுக்கே திரும்புகிற நர்ஸம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

தப்பு என்னுடையதுதான். நம் தெருவில் பட்டறை வைத்திருப்பவர்கள் யாரும் முன்பக்கத்தை அழகாக வைக்க மாட்டார்கள், உனக்கே தெரியும். போர்டு கிடையாது, சுவரில் காரை பெயர்ந்து கிடக்கும், உள்ளே மெஷின் ஓடும். ஊர்ப் பெரிய மனிதர்கள் கண்ணில் படாமல் இருந்தால்தான் பிழைப்பு. ஆனால் நீ அனுப்பிய துணி வெட்டும் மெஷின் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடப் பை ஆர்டர் இரண்டு மடங்கானது. பதினான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். உன் அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்து, போர்டும் மாட்டினேன்.

நாலாம் நாள் நம் ஊர்ச் சேர்மனின் மருமகன் வந்தான். டீயை ரசித்துக் குடித்தான். தனியா எதுக்குக்கா கஷ்டப்படுறீங்க, இடத்த எங்க பேருக்கு மாத்திட்டு நீங்களே நடத்துங்க என்று சிரித்தான். அப்பா உன் பேரில் வாங்கிய இடம், முடியாது என்றேன். மறுநாளே கரண்ட்டை வெட்டிவிட்டார்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை. காலையில் மார்தட்டிய வக்கீல், சாயங்காலம் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்து, எனக்கும் பொண்ணுங்க இருக்காங்கம்மா என்றார். பத்திர ஆபீசில் நான் கேட்ட நகலுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேராம். அவன் பேருக்கு மாற்றும் பத்திரம் மட்டும் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது. கண்ணால் பார்த்தேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடம்தான் காலி.

எதிர்ப்பக்கம் செருப்புப் பட்டறைக்காரர், புதிதாகக் கட்டிய மாடியை அவரே ஆள் வைத்து இடிக்கிறார். பத்துப் பேருக்கு வேலை கொடுக்கக் கட்டிய மாடி அது. கேட்டதற்கு, ஒழுகுதும்மா என்றார். மழை பெய்து மாதக்கணக்காகிறது.

நான் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று சேர்மன் ஆட்கள் உன் மாமாவை வண்டியில் ஏற்றிப் போய் ஒரு மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்கள். அடிக்கவில்லையாம். உன் மச்சினன் எப்ப வர்றான் என்று மட்டும் கேட்டார்களாம். அவர் இன்னும் சாப்பிடவில்லை.

அடுத்து என்னைத்தான் கூட்டிப் போவார்கள். அதன்பிறகு, உடம்பு முடியல, உடனே கிளம்பி வா என்று நானே உன்னிடம் போனில் அழலாம். என் குரலாகவேதான் இருக்கும். வராதே. அக்கா போயிட்டா என்று உன் மாமாவே சொன்னாலும் வராதே, என் தங்கமே. உன் பிள்ளைகுட்டியோடு அங்கேயே நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா