களி ஆறும்வரை நின்ற பஸ்

உத்தனப்பள்ளி,
9-3-1958

அன்பு மகன் கங்கப்பனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, புதிதாகக் குட்டி போட்ட ஆடு எல்லோரும் சுகம். கரக்பூரில் நீ சுகமா என்பது நீ எழுதினால்தான் தெரியும், நீ எழுதாததால் சுகமாகத்தான் இருப்பாய் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நீ அனுப்பிய போட்டோ வந்தது. மீசையைப் பார்த்து மாரம்மா அத்தை, யாரு இந்தப் போலீஸ்காரர், நாம என்ன தப்பு செஞ்சோம் என்று கேட்டாள். எஞ்சினே உன்னுடையது போலப் பக்கத்தில் கை வைத்து நிற்கிறாய், நீ அதைத் துடைக்கிறவன் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அந்தப் போட்டோவைச் சேரி முழுக்கக் காட்டி ஓரத்தைக் கசக்கிவிட்டார். இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர் சொல்வதில் பாதி உடம்பைப் பார்த்துக்கொள் என்பதுதான், அதை ஒருமுறை இங்கே எழுதிவிட்டேன், மீதிக் காகிதம் எனக்கு.

கொஞ்ச மாசமாகவே என் ஆயா வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. ஓசூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு நான் காலையில் போய்ச் சேர்ந்தால்தான் ராத்திரி முழுக்க நின்ற ஆயா வீட்டுக்குப் போக முடியும். நான் லேட்டாகப் போகப் போக அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு ஹெட் நர்ஸ் ஜோதியம்மாளிடம் போய்ச் சொன்னாள். ஜோதியம்மாள் கெட்டவர் இல்லை. ஆனாலும் என்னைக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை லேட்டானால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். நான் என்ன செய்வேன்? ராயக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ் நம் சேரியைத் தாண்டும்போது கை காட்டினாலும் நிற்காது. தாண்டிப் போய் ஊருக்குள் பெரிய வீட்டு வெங்கடப்பன் வாசலில் நின்றுவிடும், அப்புறம் நகராது. அதனால் நாங்கள் பின்னாலேயே மெதுவாக நடந்து போய் அதைப் பிடித்துவிடுவோம், உலகத்திலேயே நடந்து போய்ப் பிடிக்கிற பஸ் இது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் ஓசூர் போகிற நாளில் அவருக்காக நிற்கும். போகாத நாளிலும் நிற்கும், ஏனென்றால் சாமி இன்றைக்குப் போகவில்லை என்று அவர் வீட்டு ஆள் வந்து சொல்ல வேண்டும், அந்த ஆளும் சாவகாசமாகத்தான் வருவான்.

இப்படி இருக்கும்போது தை கடைசியில் மாதப்பன் தமுக்கு அடித்துக்கொண்டு வந்தான். பஸ், ரயில் வசதிகளைப் பற்றிப் பொதுமக்களின் குறைகளைக் கேட்க சேலத்திலிருந்து அதிகாரி வருகிறார், சந்தை நாளன்று எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்பது அவனுக்குச் சொல்லிக் கொடுத்த சேதி. ஊர்த் தெருவில் அதை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான். நம் பக்கம் வருவதற்குள் தொண்டை கட்டிப்போய், சந்தை நாளில் பஸ்ஸும் ரயிலும் வருது, எல்லோரும் வாங்க என்று சுருக்கிவிட்டான். மாரம்மா அத்தை சந்தை நாளில் மூட்டையும் ஒரு கோழியுமாக வந்து நின்றாள், மகளைப் பார்க்க ராயக்கோட்டை போகிறாளாம். ரயில் இன்றைக்கு வராது என்று உன் அப்பா சொன்னதற்கு, நீ ஆபீஸரா என்று கேட்டு வாயடைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குள் பெஞ்சுகளில் ஊர்க்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எங்களை யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அதனால் வழக்கம்போல வெயிலில் ஜன்னலோரம் நின்றோம். எல்லோரும் வர வேண்டும் என்று தமுக்கடித்த மாதப்பனும் எங்களோடுதான் நின்றான். அதிகாரி நல்ல புத்தகத் தமிழில் கேட்டார், ஒருவர் தெலுங்கில் பதில் சொன்னார், ஒருவர் கன்னடத்தில் சொன்னார், அவர் பாவம் தலையைத் தலையை ஆட்டினார். முதலில் ரயில் வேண்டும் என்று பேசினார்கள். சண்டைக் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன சின்ன ரயிலைத் திரும்பக் கொடுங்கள், மாங்காயும் புளியும் ஏற்ற வழியில்லை என்று வெங்கடப்பன் கண் கலங்கப் பேசினார். அந்த ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகள் அவர் மாட்டுக்கொட்டகைக்கு விட்டமாக இருப்பதை அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை. ரயில் டெல்லி சமாசாரம், எழுதி அனுப்புகிறேன் என்றார் அதிகாரி. நீ ரயில்வேக்காரன்தானே, உன் துரைமாரிடம் நீயும் ஒரு வார்த்தை போட்டு வை.

அடுத்தது பஸ். காலை பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று ஓசூரிலிருந்து யாரோ மனு போட்டிருக்கிறார்கள். அதிகாரி அதைப் படித்ததும் பஸ் முதலாளியின் ஆள் முகம் வெளுத்துவிட்டது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று வெங்கடப்பன் எழுந்தார். "பொய்யிங்க. இந்த பஸ்ஸு ஒரு நாளும் லேட்டானதில்ல. நான் குளிச்சு, களி சுடச்சுட இருந்தா அது ஆறுற வரைக்கும் இருந்து சாப்பிட்டு, வெத்தலை போட்டுக்கிட்டு எப்ப வெளிய வந்தாலும் வாசல்லயே நிக்குதுங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை, பெஞ்சில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதிகாரியின் பேனா மட்டும் நின்றுவிட்டது. நான் சிரித்துவிட்டேன்.

யார் அது என்று அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். உன் அப்பா என் முந்தானையை இழுத்த இழுப்பில் புடவையே கிழிந்திருக்கும். நான்தான் என்றேன். வந்தது வரட்டும் என்று மீதியையும் சொன்னேன். "அவரு களி ஆறட்டும்னு நாங்க பஸ்ஸுல நிக்கிறமுங்க. அங்க ஆஸ்பத்திரில என் வேலை போகப்போகுது. எங்க சேரிகிட்ட அது நிக்கிறதே இல்ல." அங்கே ஏறுவதற்கு எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். இந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கிற அத்தனை பேரும் என்றேன். எழுந்து வந்து பார்த்தார், எழுதிக்கொண்டார். உள்ளே வாருங்கள் என்று அவரும் சொல்லவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கேட்டார், கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் சொன்னேன். பொதுமக்கள் என்றால் எந்தப் பக்கம் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மனுசர் எழுதினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

போன வாரம் உத்தரவு வந்து டிரைவர் தலைக்கு மேலே ஒட்டிவிட்டார்கள். ஊரில் இன்ன நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், யாருக்காகவும் நிறுத்தி வைத்தால் டிரைவரின் லைசென்ஸ் போகும். சேரியில் நிறுத்துவது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம், யோசிக்கட்டும், அதுவரை நாங்கள் முன்னதாகவே ஊருக்குள் நடந்து போய் நின்று ஏறிக்கொள்கிறோம். முதல் நாள் டிரைவர் முனிவேல் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டுவிட்டு நேரத்துக்கு வண்டியை எடுத்தார். வெங்கடப்பன் ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தபோது பஸ் போன புழுதிதான் இருந்தது. எல்லோருக்கும் உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் கேள், டிரைவருக்குப் பின்னால் அவர் உட்கார்கிற இடம் காலியாகவே வந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை, ஊர்க்காரர்கள்கூட நின்றார்கள், அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. மாசம் நிறைந்த ஒரு பெண் நம் சேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளும் அந்தக் காலி இடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓசூர் வரை நின்றாள். உட்காரு என்றால், வேணாக்கா, அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு வேலை தரமாட்டாங்க என்கிறாள். அவர் இல்லாத இடத்துக்கும் இவ்வளவு பயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்து வெங்கடப்பன் நேரத்துக்கு வந்தார், களி சாப்பிட்டாரோ இல்லையோ, வாயில் வெற்றிலை இல்லை. படியில் ஒரு காலை வைத்து என்னைப் பார்த்தார், என்னிடம் பேசவில்லை. கண்டக்டரிடம், அவள் எழுந்திருக்கும்வரை நான் ஏறமாட்டேன் என்றார். அவர் ஏறாவிட்டால் பஸ் போகாது, இத்தனை வருசமும் அதுதான் சட்டம். பஸ் போகாவிட்டால் என் வேலை போகும். கண்டக்டர் என்னை எழுந்திரு என்றான். நம் ஆட்களே பின்னாலிருந்து, எந்திரிச்சிரு ரங்கம்மா, பாழாய்ப்போன இடத்துக்காக வேலையை விடாதே என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ராத்திரி ஆயா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், ஜோதியம்மாள் சொன்னது சொன்னதுதான். எழுந்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தேன், கால் எழவில்லை. "டிக்கெட் வாங்கியிருக்கேன். ஓசூர்ல எந்திரிக்கிறேன்" என்றேன். முனிவேல் தலைக்கு மேலே இருந்த காகிதத்தைப் பார்த்தார், வெங்கடப்பனைப் பார்த்தார். "டைம் ஆச்சுங்க சாமி" என்றார். கியர் போட்டார். வெங்கடப்பன் காலை எடுத்துக்கொண்டார். என் மேல் இருந்த பாசத்தால் முனிவேல் இதைச் செய்யவில்லை, லைசென்ஸ் பயம்தான். ஒரு பயத்தை இன்னொரு பயம் தள்ளியது, அவ்வளவுதான், ஆனாலும் பஸ் நகர்ந்தது. மணி அடிப்பதற்கு முன்பே வார்டில் இருந்தேன். ஜோதியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், வாளியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பெரிய வீட்டில் அப்பாவைக் கூப்பிட்டு, பெண்டாட்டியை அடக்கி வை என்றார்களாம். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கே அடங்கமாட்டேங்கறா சாமி. நீங்க வேணும்னா சொல்லிப் பாருங்க" என்றாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, மாதப்பன் சொல்லித்தான் தெரியும். அதோடு அவர்கள் காடு கழனியில் அப்பாவுக்கு வேலை இல்லை. இப்போது ரோட்டுக்குக் கல் உடைக்கப் போகிறார், கை கொப்புளித்திருக்கிறது, இதை எழுதாதே என்கிறார், எழுதிவிட்டேன். என் சம்பளம் இருக்கிறது, நீ பதறிப்போய் லீவு போட்டு ஓடி வராதே.

இப்போது தினமும் அங்கேதான் உட்கார்ந்து போகிறேன். வெங்கடப்பன் அடுத்த பஸ்ஸில் போகிறார், அதுவும் நேரத்துக்குக் கிளம்புகிறதாம், பாவம். ஆனால் அது இரண்டு பேர் உட்காரும் இடம். என் பக்கத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. கூட்டத்தில் நசுங்கினாலும் நம் ஆட்களே உட்கார மறுக்கிறார்கள், நான் ஒருத்தி மகாராணி மாதிரி போகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. சித்திரையில் நீ லீவில் வரும்போது ஒருநாள் என்னோடு ஓசூருக்கு வா, அந்த மீசையோடு வந்து பக்கத்தில் உட்கார். ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் வேறு யாராவது உட்காருவார்கள் என்று நினைக்கிறேன்.

எஞ்சின் பக்கம் ஈரக் கையோடு போகாதே, கண்ட இடத்தில் மீன் தின்னாதே, பதில் எழுத மறக்காதே. உனக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய் என்று அப்பா இரண்டு கையையும் தூக்கி ஆசி சொல்கிறார், என்னுடையதும் அதிலேயே சேர்ந்திருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட
உன் அம்மா
ரங்கம்மா