பிள்ளை வருமுன் தைத்த துணி

உனக்கு,

நேற்று மதியம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மருமகள் அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். பிறந்த குழந்தைக்குப் போடும் துணி டயப்பர்கள். மூன்று கம்பெனி, மூன்று மாதிரி. எது சரியாக இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வரவழைத்திருக்கிறாள். அவளுக்கு இது எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. வயது முப்பத்தெட்டு ஆகிறது. இதோடு சரி என்று அவளே முடிவு செய்திருக்கிறாள்.

உறையைக் கிழித்ததும் ஒரு வாடை எழுந்தது. ஒரு தடவைகூட நீரில் நனையாத பருத்தியின் வாடை. அந்த வாடையில், உன் மடியில் நான் கொண்டுவந்து போட்ட புதுத்துணியை மறுபடியும் பார்த்தேன்.

"அதை மூடி வை. பிள்ளை பிறந்த பொறவு பிரிச்சுக்கலாம்," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா அத்தை?"

நம் பக்கத்தில் பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று எதையும் வாங்க மாட்டார்கள், தைக்க மாட்டார்கள். பிறந்த பிறகு பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள். புதுத்துணியெல்லாம் அப்புறம்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே இதையெல்லாம் மூடப்பழக்கம் என்று சொல்லி வந்தவள் நான். என் வளைகாப்பில் பெரியவர்கள் எதிரில் சொன்னேன். என் கணவர் போன பிறகு, விசேஷ வீடுகளில் ஒதுங்கி நிற்க மாட்டேன் என்று மறுத்தபோதும் சொன்னேன். அந்த வாயிலிருந்துதான் "மூடி வை" என்று வந்தது. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "ஏட்டி, உனக்கு என்ன வந்துச்சு" என்று நீ அதட்டியிருப்பாய். எழுபது கடந்தவளை ஏட்டி என்று கூப்பிட இப்போது ஆள் இல்லை.

நாம் சேர்ந்து படித்த கான்வென்ட்டின் விடுதிக்கு நீ மகாராஜபுரத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தாய். கணக்கில் நீ எனக்குப் பின்னால், தையலில் நான் உனக்குப் பின்னால். முதலாவதை உன்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது, இரண்டாவதை என்னால் முடியவில்லை. தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் எந்தத் துணியையும் வாங்கியவுடன் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். "பச்சைப் பிள்ளையின் தோலுக்கு உங்கள் வெளிப்பக்கம் தெரியாது," என்பார். என் துணியின் உள்பக்கத்தில் முடிச்சுகள் இருக்கும். உன்னுடையதில் எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று சிஸ்டருக்கே ஒரு கணம் குழப்பமாகும்.

நான் ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டேன், நீ ஸ்ரீவில்லிபுத்தூரில். நீ முதலில் உண்டானபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்க ஊருல பேண்டேஜ் துணி நெய்யுதாங்கள்ல, அதுல நல்ல நெருக்கமான நெசவாப் பார்த்து எனக்கு வாங்கியா." நானே தறிக்காரரிடம் நின்று, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கி வந்தேன். அதை நீ வேகவைத்து, அலசி, வெயிலில் போட்டு, மறுபடி அலசி, கை பட்டதும் வழியும் பதத்துக்குக் கொண்டுவந்தாய். பிறகு நாப்கின் தைத்தாய். அப்போதெல்லாம் அதற்கு அந்தப் பெயர்தான். சதுரமாக மடித்துக் கட்டினால் பிள்ளையின் கால் நடுவே மூட்டை மாதிரி நிற்கும் என்று, நடுவில் மட்டும் நாலு மடிப்பும் ஓரத்தில் ஒற்றையுமாக வெட்டினாய். தொப்புளுக்குக் கீழே இறங்குகிற மாதிரி முன்பக்கத்தில் ஒரு வளைவு. உன் மாமியார் பார்க்க, முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தாய். அவர் சொல்லிப் பார்த்தார், நீ சிரித்துக்கொண்டே தைத்தாய்.

உன் பையன் உயிரில்லாமல் பிறந்தான். கொடி கழுத்தில் சுற்றி இறுகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். நான் வந்து சேர்ந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் மாமியார் கூடத்தில் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார், உனக்குக் கேட்கட்டும் என்று. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவ இங்க நூலை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டா. அங்க பிள்ளைக்குக் கொடி முடிச்சு விழுந்துட்டு."

நான் அவரிடமும் பேசினேன், உன்னிடமும் பேசினேன். கொடி சுற்றுவது எதனால் என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். நீ திரும்பிப் பார்த்தாய். "முடிச்சே இல்லாமத்தானே தைச்சேன்," என்றாய். அவ்வளவுதான். அந்தப் பழியை நீ ஏற்றுக்கொண்டுவிட்டாய் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் சொன்ன எதுவும் உன் காதில் ஏறவில்லை.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். நிறைமாதத்தில், வீட்டில் சொல்லாமல், டவுன் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாய்.

"அந்த நாப்கின் எல்லாம் இருக்கா?" என்று கேட்டேன்.

உன் முகம் மாறியது. "எதுக்கு?"

"எனக்குக் கொடு. என் பிள்ளைக்கு."

"ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? தொடாதே அதை. வீட்டுக்குப் போ முதல்ல."

"அதைவிட நல்ல தையல் இந்த ஜில்லாவுல கிடையாது. என் பிள்ளைக்கு முடிச்சுக் குத்தும்படியா நான் தைச்சுப் போடணுமா?"

"கிண்டல் பண்ணாத. நான் கும்பிடுதேன், போயிரு." உன் கை நிஜமாகவே குவிந்திருந்தது. என் வயிற்றைப் பார்க்கவும் பயந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். என் பிள்ளைக்காக நீ பயந்தாய். அந்தப் பயத்தின் எதிரில் என் படிப்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

என் மகன் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரி அறை வாசலில் நீ நின்றாய். உள்ளே வராமல், "பிள்ளை அழுதானா?" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாய். தொண்டை கிழிய அழுகிறான் என்று அவர் சொன்ன பிறகுதான் வந்தாய். கையில் மஞ்சள் பை. என் மாமியார் அவனுக்குக் கரைவேட்டித் துண்டை மூட்டையாகச் சுற்றி வைத்திருந்தார். தொடையிடுக்கில் அதற்குள் சிவந்திருந்தது. நீ பையைக் கட்டிலில் வைத்தாய். அவிழ்த்தாய், துடைத்தாய், ஈரம் உலரும்வரை காற்றாடவிட்டாய். பிறகு நீ தைத்ததில் ஒன்றை அடியில் நுழைத்து, நாடாவைக் கட்டி, இடுப்பில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாய். அவன் கால்கள் தவளைக் கால் மாதிரி மடங்கி விரிந்துகொண்டன. வாயை மூடிவிட்டான்.

"அளவு சரியாத்தான் வெட்டியிருக்கேன், என்ன?" என்றாய். நீ அறைக்கு வெளியே போய் நின்று அழுததை நர்ஸ்தான் பிறகு சொன்னார்.

மறுபடி நீ உண்டானபோது, ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டு பீரோவில இடம் இருக்கா?" என்று கேட்டாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. துணி வாங்கி வைத்தேன். வாரம் ஒருமுறை ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி வந்து என் அறையில் உட்கார்ந்து தைத்தாய். அளவு பார்க்கப் பிள்ளை இல்லை. துண்டைச் சுருட்டி உடம்பாக வைத்து, இரண்டு வெள்ளரிக்காயைக் காலாகச் செருகினாய். "உன் மகன் கால் இம்புட்டுத் தடி. எம் பிள்ளை ஒல்லியாத்தான் இருக்கும், பிஞ்சா ரெண்டு எடுத்துட்டு வா," என்றாய். நாம் இருவரும் அன்று சிரித்த சிரிப்பில் என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இப்போ பயம் போயிட்டா?" என்று நான் கேட்டேன்.

"எங்க போச்சு. பயந்துக்கிட்டேதான் தைக்கேன். கை சும்மா இருந்தா இன்னும் பயமா இருக்கு."

உன் மகள் பிறந்தாள். அவள் துணிகள் என் பீரோவிலிருந்து உன் வீட்டுக்கு வந்தன. கடையில் வாங்கியது என்று உன் மாமியாரிடம் சொன்னாய். கடைசிவரை அவருக்குத் தெரியாது. போன வருஷம் உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது உன் மகளிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீ.

நேற்று அறையில் இவ்வளவும் நினைத்தபின் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மருமகள் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எடு வெளியே. கண்ணாடி போட்டுட்டு வாரேன்," என்றேன்.

ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பினேன். முதலாவதில் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை போடலாம் என்று எழுதியிருந்தது. முன்புறம் முழுக்கப் பொத்தான்கள். "மூணு வயசுக்கும் மூணு நாளுக்கும் ஒரே இடுப்பா?" என்று கேட்டேன். கடைசிப் பொத்தான்வரை சுருக்கிப் பார்த்தோம். கால் நடுவே தலையணை மாதிரி திரண்டது, தொடைப் பக்கம் ஓட்டை. பிறந்த பிள்ளையின் தொடை அவள் மணிக்கட்டு அளவுதான் இருக்கும். இவ்வளவு இடைவெளி விட்டால் எல்லாம் வெளியேதான் வரும். இரண்டாவது சின்ன அளவுதான், ஆனால் ஒட்டுப்பட்டையின் சொரசொரப்பான ஓரம் வயிற்றுத் தோலில் படுகிறது, கம்பெனிச் சீட்டையும் உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். சிஸ்டர் பார்த்திருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார். மூன்றாவது பிறந்த குழந்தைக்கென்றே வெட்டியது. தொப்புளுக்குக் கீழே வளைவு இருந்தது. நடுவில் மட்டும் அடுக்கு, ஓரம் ஒற்றை. தொடையைச் சுற்றும் எலாஸ்டிக் இடுக்கில் படிகிறது, இறுக்கவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

"இதுவா அத்தை? இதை ரெண்டு மூணு மாசந்தான் போட முடியும்."

"அந்த ரெண்டு மூணு மாசத்துக்குத்தானே இப்போ பார்க்கோம். இதுல இன்னும் கொஞ்சம் வரவழை. நடுவுல மாத்திக்க மல் துணி நான் வெட்டித் தாரேன்."

அவள் கூடவே வந்த தாளைப் படித்தாள். புதுப் பருத்தி ஈரத்தை இழுக்காது, நாலைந்து தடவை துவைத்துக் காயவைத்த பிறகே போட வேண்டும், துணி மணக்கப் போடும் திரவம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று இருந்தது. நீ வேகவைத்து வேகவைத்து அலசியது இதற்குத்தான்.

"பிறந்த பொறவு வாங்கினா எப்படி அத்தை நாலு தடவை துவைக்க? அதுக்குத்தான் இப்பவே..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "போன ரெண்டு தடவையும் நான் எதுவுமே வாங்கல. பேர் கூட யோசிக்கல. அப்பவும் போச்சுல்ல. இந்தத் தடவை வரும்னு நினைச்சு ஒரு நாளாவது இருந்து பார்க்கணும் போல இருக்கு."

இன்று காலை முதல் துவைப்பு முடிந்தது. எங்கே காயப்போடுவது என்று கேட்டாள். பின்கட்டில் கொடி இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. நான் மாடிக்கு எடுத்து வரச் சொன்னேன். தெருவைப் பார்த்த கொடியில் வரிசையாகப் போட்டோம். அவள் பாதியிலேயே களைத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எனக்குக் கிளிப் எடுத்துத் தந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் மாடியில் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, பிள்ளைத் துணி மாதிரித் தெரியுது?"

"பிள்ளைத் துணிதான்."

"எப்போ பிறந்துச்சு? சொல்லவே இல்ல?"

"இன்னும் பிறக்கல. அடுத்த மாசம்."

அவள் வற்றலை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்ச நீங்களே இப்படிச் செய்யலாமா மதினி? கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கெட்ட மனசுக்காரி இல்லை. அவளும் பயந்துதான் சொன்னாள்.

மருமகளின் கை கிளிப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டது. அந்தக் கையைப் பார்த்ததும், நான் செய்ய வேண்டியது துணி தேர்ந்தெடுப்பது மட்டும் இல்லை என்று தெரிந்தது. உன் கட்டில் ஓரத்தில் நின்று நான் எவ்வளவு பேசினேன். எல்லாம் நடந்து முடிந்த பிறகு பேசினேன். அதற்கு முன்பே உன் மாமியாரின் ஒரு வாக்கியம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். இந்த முழங்காலோடு எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், இருந்தாலும் உட்கார்ந்தேன்.

"இங்க பாரு. நல்லபடியா நடக்கும்னுதான் நினைக்கேன். ஆனா எது நடந்தாலும், அது இந்தத் துணியால இல்ல. நீ ஆசைப்பட்டதால இல்ல. அப்போ சொன்னா உன் காதுல ஏறாது. அதனால இப்பவே சொல்லி வைக்கேன்."

அவள் கிளிப்பை மடியில் வைத்தாள். மலைப் பக்கமிருந்து வந்த காற்றில் துணிகள் அசைந்துகொண்டிருந்தன. "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை," என்றாள்.

சொன்னேன். உன்னிடம் சொல்ல நேரம் தவறிப்போன வார்த்தைதான் அது. இத்தனை வருஷமாக என்னிடமே இருந்தது. பிள்ளை வரும் நாள்வரை தினமும் ஒரு தடவை அவளுக்குச் சொல்வதாக இருக்கிறேன்.