கமிஷன் இல்லாத காசு

வட்டவளை,
தீபாவளி முடிஞ்ச ரெண்டாவது ஞாயிறு.

என் மக பூரணிக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் தம்பியும் முழுசா இருக்கோம், மழைதான் விட்டபாடில்ல. நீ சொகமான்னு எல்லாரும் ஒரு வழக்கத்துக்கு கேட்டு எழுதுவாங்க, நான் நெசமாவே தெரியாமத்தான் கேக்குறேன். உன் சத்தம் காதுல விழுந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

இந்தக் கடுதாசிய உங்க மேடம் வீட்டு டிரைவர் இராயப்பன் அண்ணன் கையில குடுத்து விடுறேன். அவரு வெளிநாட்டுலருந்து லீவுல டிக்கோயாவுக்கு வந்திருக்காருன்னு பேக்கரியில சாமான் வாங்க வந்த பொம்பள ஒன்னு சொல்லுச்சு, நான் ஏப்ரனக்கூட கழட்டாம பஸ் ஏறிட்டேன். ஆமா, பேக்கரிதான், தேயிலை மலைக்கு போறத விட்டுட்டேன். நனைஞ்ச கொழுந்துன்னு சொல்லி கங்காணி எல்லாருக்கும் நெறைய எடை கழிச்சான், எனக்கு வாய் நிக்கல, அவ்வளவுதான். உனக்கு ஒரு எடத்துலயும் கால் தரிக்காதுடின்னு அப்பா ஏசுனாரு. இப்ப ஹட்டன்ல மீன் வச்ச மாலு பணிஸ் உருட்டுறேன். கையில எந்நேரமும் மாவு வாசம். அட்டக்கடி இல்ல, அது போதும்.

முந்தி உனக்கு சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை அண்ணன் உன்ன வண்டியில கூட்டிட்டு போவாரு, நீ காசு அனுப்புற கடையில போட்டுட்டு வீட்டுக்கு வந்ததும் மேடம் அலுமாரியில பூட்டி வச்ச உன் போன எடுத்து, நம்பர மட்டும் சொல்லிட்டு வையின்னு குடுக்கும். நம்பர மட்டும். நான் இங்க காசு எடுக்க காட்டுற அந்த நீள நம்பர நீ ஒவ்வொன்னா சொல்ல நான் கதவுப் பக்கம் செவத்துல பென்சிலால எழுதிக்குவேன், பொறகு உனக்கு திருப்பி வாசிக்கும்போது நடுவுல ஒன்ன வேணும்னே மாத்திச் சொல்வேன். அது உனக்கும் தெரியும். "கணக்குல கிளாஸ்லயே மொத ஆளுன்னு பீத்திக்குவீங்களே, ஒரு ஏழு வெளங்கலயா"ன்னு நீ சிரிப்ப, மேடத்துக்கு என்ன தெரியும், மறுபடி மொதல்லருந்து சொல்வ. நீ அந்த ஏழ சொல்ற விதத்துலயே சாப்பிட்டியா, தூங்குனியா, அழுதியான்னு எனக்கு தெரிஞ்சுரும். கடைசி தடவ உன் தொண்டை கட்டியிருந்துச்சு. என்னடின்னு கேக்குறதுக்குள்ள லைன் போயிருச்சு. அதுலருந்து எனக்கு மாவு பெசையுறப்பவும் அந்தத் தொண்டைதான் ஞாபகம்.

மறுநாள் ஹட்டன் கவுண்டர்ல இருக்குற புள்ள அனுப்புனது யாரு, என்ன மொறைன்னு கேக்கும். என் மக பூரணின்னு பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்வேன். அந்தப் புள்ளைக்கு எல்லாம் மனப்பாடம், இருந்தாலும் கேக்கும், நானும் சொல்வேன். இப்ப பேங்க் மெஷின் ஒன்னும் கேக்குறதில்ல. கார்ட போடு, காச எடு, போ. யாரு அனுப்புனா அதுக்கென்ன.

மேடத்தோட மகன் அவரு போன்ல என்னமோ போட்டிருக்காரு, இனிமே அவரே அனுப்ப கமிஷன் இல்லாம நேரா பேங்குக்கு வந்துரும், நம்பர் சொல்ற வேலையே இல்லன்னு நீ ரெண்டு வரி அனுப்புனப்ப எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அப்பா மிச்சம்தானேன்னாரு. அடுத்த மாசம் போன் கிணுங்குச்சு. கூரை தகரத்துக்கு கல்லு வச்சிக்கிட்டு இருந்த மனுசன் பாதியில எறங்கி வந்து "புள்ளையா"ன்னு கேட்டாரு. "இல்ல, பேங்க்"ன்னேன். அவரு திரும்ப ஏறல. அன்னைக்கு ராவு ஒழுகுன எடத்துல சட்டி வச்சோம். தீபாவளிக்கு அப்பா நம்ம லயத்து வீட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கிறாருன்னு தெரிஞ்சதும், ஐயோ செவத்துல எழுதுன நம்பரெல்லாம் போச்சேன்னு ஓடி வந்தேன். வந்து பாத்தா வீடெல்லாம் வெள்ளையா இருக்கு, கதவுப் பக்கம் அந்த ஒரு மொழம் மட்டும் அழுக்கா அப்படியே கெடக்கு. அப்பா என் மூஞ்சிய பாக்காம பிரஷ்ஷ கழுவிக்கிட்டு இருந்தாரு.

இராயப்பன் அண்ணன்கிட்ட அந்தக் கமிஷன் கதைய கேட்டேன். சிரிச்சாரு. "கமிஷன் இல்லன்னு பெருசா போட்டிருப்பான் தங்கச்சி, தினார் ரேட்டுல கொறச்சு எடுத்துருவான்"னாரு. அவரு அதே நாள் தன் வீட்டுக்கு கடையில போட்ட சீட்டையும் எனக்கு வந்த பேங்க் மெசேஜையும் பக்கத்துல வச்சு, கமிஷன் போக ஒரு தினாருக்கு கைக்கு எவ்வளவுன்னு கழிச்சு பாத்தேன், ரெண்டும் ஒன்னுதான், உனக்கு ஒரு சதம் மிச்சமில்ல. அதோட விட்டுருந்தா பரவால்ல. கடைக்கு போற வேலை இல்லாததால உன்ன வண்டியில ஏத்துறதே இல்லன்னாரு. மாசத்துல நீ வெளிய வர்றது அந்த ஒரு நாள்தானாம். கடை வரிசையில நம்ம நாட்டு புள்ளைங்கள கண்டா பேசிக்கிட்டே நிப்பியாம், திரும்பி வரும்போது அந்த வெக்கையிலயும் ஜன்னல் கண்ணாடிய எறக்கி விடச் சொல்வியாம். நீ இதையெல்லாம் என்கிட்ட சொன்னதில்ல, சொல்ல நேரமும் இல்ல. கமிஷன் வேணாம்னவன் உன் வெள்ளிக்கிழமையையும் என் வெள்ளிக்கிழமையையும் சேத்து எடுத்துட்டான். ஒரு தரம் உங்க போன அவகிட்ட குடுங்கண்ணேன்னு கெஞ்சுனேன். வாசல்ல கேமரா இருக்காம், பாத்தா ரெண்டு பேரு வேலையும் போயிருமாம். அவரும் புள்ளகுட்டிக்காரரு, நான் அதுக்கு மேல கேக்கல. கடுதாசிய தண்ணி போத்தல் பெட்டிக்குள்ள வச்சு உள்ள அனுப்புறேன்னாரு.

அதனால நான் சொல்றத செய்யி. அம்மா ஒன்பதாம் ஆண்டோட பள்ளிக்கூடத்த விட்டவ, மெஷின் கிஷின் ஒன்னும் சரிவரல, இப்ப கார்டும் இல்ல, பழைய மாதிரி கடையிலதான் போடணும்னு மேடத்துக்கிட்ட சொல்லு. நான் படிக்காம ஓடுனது இதுக்காவது ஒதவட்டும். உனக்கு பொய் வராது, மூஞ்சியிலயே காட்டிக் குடுத்துருவ, அதனால நேத்து கத்திரிக்கோல எடுத்து கார்ட ரெண்டா வெட்டிட்டேன். இப்ப நீ சொல்றது உண்மைதான். அப்பா பைத்தியக்காரின்னாரு, பொறகு அவரே அந்தத் துண்டுகள பொறுக்கி அடுப்புல போட்டாரு, வீடெல்லாம் ஒரே நாத்தம். தம்பிக்கு பள்ளிக்கூடத்துக்கு போட சப்பாத்து, கூரைக்கு தகரம்னு நீ அங்க ஒக்காந்து கணக்கு பாக்காத, அத நாங்க பாத்துக்குறோம். தொண்டைக்கு சுடுதண்ணியில உப்பு போட்டு கொப்பளி, ஏசிக்கு நேரா படுக்காத, அவங்க சாப்பிட்டு மிஞ்சுனாத்தான் சாப்பிடணும்னு காத்துக்கிட்டு கெடக்காத.

மாரியாத்தா உன் கூடவே நிக்கணும், எந்தக் கொறையும் உன்ன அண்டக்கூடாது. இத வாசிச்சதும் கிழிச்சுப் போட்டுரு, ஒன்ன மட்டும் மனசுல வச்சுக்க. நெறைய அனுப்பணும்னு இல்ல. கமிஷன் போனா போகட்டும். எவ்வளவு சின்னக் காசு போட்டாலும் அந்த நம்பர் அதே நீளந்தான். மெதுவா சொல்லு. பென்சில் சீவி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
இன்னமும் ஏழு வெளங்காத உன் அம்மா,
வினோதா.